ஒற்றை ஆள் போர்வை

நவம்பர் 30

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

நாங்கள் மூவரும் நலம். போனில் பேசினால் உங்களுக்குச் சரியாகக் காது கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன். நாற்பது வருடம் திரைச்சீலைக் கடையில் மெஷின் சத்தத்துக்குள் உட்கார்ந்த காது, அதைக் குறை சொல்ல முடியாது. உங்கள் தம்பி பேசினால் மட்டும் எப்படியோ கேட்டுவிடுகிறது. என் குரலில் ஏதோ கோளாறு போலிருக்கிறது.

நீங்கள் தைத்து அனுப்பிய போர்வை எங்கம்மாவுக்கு வந்து சேர்ந்துவிட்டதாம். மூன்று நாளாக எனக்கு அதே பேச்சுதான். "உன் நாத்தனாருக்கு என்ன மனசு பாரு, என் பழைய புடவையை எல்லாம் எப்படி வெட்டி ஒட்டியிருக்காங்க பாரு" என்கிறார். நானும் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. எங்கம்மா உங்களிடம் துணி அனுப்பியதே எனக்குத் தெரியாது.

இத்தோடு குடும்பத்தில் எல்லாருக்கும் ஆகிவிட்டது. பிப்ரவரியில் உங்கள் சித்தப்பாவுக்கு. மார்ச்சில் உங்கள் தம்பிக்கு. ஜூனில் என் மகளுக்கு. மழை தொடங்கியபோது பெரியப்பா மகளின் கைக்குழந்தைக்கு. இப்போது எங்கம்மாவுக்கு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடத்தில் மனிதர்கள் படுத்து ஓய்வெடுப்பார்கள். நீங்கள் மற்றவர்களைப் படுக்க வைத்திருக்கிறீர்கள்.

எனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்க இதை எழுதவில்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஒரு சந்தேகம்தான். அவருக்கு அனுப்பிய போர்வை ஒரு ஆள் அளவுக்குத்தான் இருக்கிறது. எங்கள் கட்டில் இரண்டு பேர் கட்டில். மார்ச்சிலிருந்து அவர் அதைப் பட்டுப்புழு மாதிரி சுற்றிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறார். நான் என் கல்யாணத்துக்கு வந்த தங்கப்பூப் போட்ட போர்வையோடு இந்தப் பக்கம் படுக்கிறேன். என் மகள் "நான் அத்தைக்குள்ள தூங்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் படுக்கப் போகிறாள். வீடு முழுக்க நீங்கள் இருக்கிறீர்கள். அளவு தவறிவிட்டதா, அல்லது கணக்கே அப்படித்தானா?

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


டிசம்பர் 8

தம்பி வீட்டுக்காரிக்கு,

கடுதாசி கிடைச்சுது. கையெழுத்து அழகா இருக்கு. மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை பாக்கிறவ, எழுத்துகூட கண்ணாடி போட்டுக்கிட்டு எழுதின மாதிரி சுத்தமா இருக்கு.

அளவு தப்பல. என் மேஜை அகலம் அவ்வளவுதான். ரெண்டு பேருக்குத் தைக்கணும்னா துணியை இழுத்துப் பிடிக்க இன்னொரு ஆள் வேணும். எனக்கு யாரு இருக்கா?

உங்கம்மாவுக்கு ஏன் தைச்சேன்னு கேக்கிற மாதிரி எழுதியிருக்க. அவங்க கேட்டாங்க. வாயைத் திறந்து, "எனக்கும் ஒண்ணு தைச்சுத் தருவியாம்மா"ன்னு கேட்டாங்க. கேட்டா குடுக்கிறதுதானே. கேக்காமலே வேணும், ஆனா வேணும்னு சொல்ல மாட்டேன், குடுக்கலைன்னாலும் கோவம் வரும்னா, அதுக்கு என்ன அளவுல தைக்கிறது?

உன் மக வாலு அதுக்குள்ள தூங்குதா? நல்லது. அதுல மீன் வச்சிருக்கேன், ஒரு மீனுக்கு மட்டும் கண்ணு வைக்கல. கண்டுபிடிச்சுச்சான்னு கேளு.

இன்னொண்ணு. உனக்கு நான் தைக்காததுக்கு நீயே காரணம். கல்யாணமாகி முதல் தடவை என் வீட்டுக்கு வந்தப்போ, உங்க ரெண்டு பேருக்கும்னு நான் எடுத்து வச்ச ஒட்டுத்துணிப் போர்வையை நீ மடிச்சு நாற்காலி மேல வச்சுட்ட. காலைல பாத்தேன். மடிப்புக்கூடக் கலையல. நீ துண்டைப் போர்த்திக்கிட்டு சுருண்டு கிடந்த. கந்தல்னு நினைச்சிருப்ப. போகட்டும். கடையில வாங்கின தங்கப்பூ இருக்கிற ஆளுக்கு என் கந்தல் எதுக்கு?

அவன் இருமறான்னு சொன்னான். மருந்து குடுத்தியா?

அக்கா


டிசம்பர் 15

அக்காவுக்கு,

மருந்து கொடுத்தேன். நீங்கள் கேட்பதற்கு நான்கு நாள் முன்பே கொடுத்தேன். இந்த வீட்டில் அவருக்கு இருமல் வந்தால் முதலில் எனக்குத்தான் கேட்கும். என் காது நன்றாகவே இருக்கிறது.

நாற்காலியில் மடித்து வைத்த கதைக்கு இப்போது பதில் சொல்லப்போவதில்லை. சொன்னாலும் நம்பப்போவதில்லை.

நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். அவர் சொல்லி உங்களுக்குத் தெரிவதை விட நானே சொல்லிவிடுவது நல்லது. உங்கள் மேஜைதான் குறுகல், எங்கள் தரை அகலம். அதனால் அவர் போர்வையை நான் அகலப்படுத்தத் தொடங்கினேன். கடைக்கு இரண்டு நாள் லீவு போட்டேன். கடையில் நான் போடும் நீலக் கோட்டு ஒன்று பழசாகிக் கிடந்தது. அதை நீளமாக வெட்டி, போர்வையின் வலது ஓரத் தையலைப் பிரித்து, சேர்த்துத் தைக்க உட்கார்ந்தேன். என்னிடம் மெஷின் இல்லை. கையால்தான். கண்ணாடிக்கு ஃபிரேம் பொருத்தும் கை, துணிக்கு வராது என்று அன்றுதான் தெரிந்தது. பாம்பு போன தடம் மாதிரி இருக்கிறது.

ஓரத்தைப் பிரித்தபோது உள்ளே பஞ்சு இருக்கும் என்று நினைத்தேன். பஞ்சு இல்லை. பழுப்பு நிறத்தில் ஒரு பழைய கம்பளி. தொட்டாலே நூல் நூலாகக் கையோடு வந்தது. என் கத்தரிக்கோல் அதன் மேலும் பட்டுவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை.

அவர் வேலையிலிருந்து வந்தார். தரையில் விரித்திருந்ததைப் பார்த்தார். குனிந்து அந்தக் கம்பளியைத் தொட்டார். முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார். அதற்குள் அது இருப்பது அவருக்கும் அதுவரை தெரியாது என்று அப்போதுதான் புரிந்தது.

"என்னங்க இது?" என்றேன்.

"எங்க போர்வை" என்றார்.

எங்க. நம்ம இல்லை. நான் இந்த வீட்டில் எட்டு வருடமாக அவரோடு இருக்கிறேன். அந்த ஒரு சொல்லில் என்னை வாசலில் நிறுத்திவிட்டார். அவர் சாப்பிடவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

எங்கள் கட்டிலுக்குள் எனக்குத் தெரியாமல் ஒன்றைத் தைத்து வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். ஒன்பது மாதம் அதன் பக்கத்தில் படுத்திருக்கிறேன். எனக்கு அது பிடிக்கவில்லை அக்கா. அவ்வளவுதான்.

தம்பி மனைவி


டிசம்பர் 22

கத்தரிக்கோல் வைக்க உனக்கு எப்படிக் கை வந்துச்சு?

என்ன பேர் போட்டுக் கூப்பிடுறதுன்னு தெரியாம அப்படியே ஆரம்பிக்கிறேன். மூணு தடவை எழுதிக் கிழிச்சுட்டேன்.

அது என்ன போர்வைன்னு அவன்கிட்ட கேட்டியே. சொல்றேன். அப்பா அம்மா ரெண்டு பேரும் போனப்போ எனக்குப் பத்தொம்பது, அவனுக்கு எட்டு. சைக்கிள் கடை மாடியில ஒரு ரூம். ஜன்னல்ல கண்ணாடி கிடையாது, அட்டை. அந்த ஒரு கம்பளிதான் இருந்துச்சு. அவன் தூங்குற வரைக்கும் ரெண்டு பேருக்கும். தூங்கினதும் முழுசா அவனுக்கு. நான் கடையிலிருந்து எடுத்து வந்த திரைச்சீலை வெட்டைப் போர்த்திக்குவேன். காலைல அவன் முழிக்கிறதுக்கு முன்னாடி மறுபடி கம்பளிக்குள்ள நுழைஞ்சுக்குவேன், அவனுக்குத் தெரியக் கூடாதுன்னு.

அந்தக் கம்பளியைத் தூக்கிப் போட மனசு வரல. போர்த்தவும் முடியல, இத்துப் போச்சு. அதான் உள்ள வச்சு, மேல அவன் பள்ளிக்கூடச் சட்டை, அந்த ரூம் திரைச்சீலை, என் பழைய பாவாடை எல்லாத்தையும் வச்சு மூடினேன். இன்னும் இருபது வருஷம் தாங்கும்னு நினைச்சேன். உன் கை படும்னு நினைக்கல.

அளவு கேட்டியே. மேஜை குறுகல்னு சொன்னேன். சும்மா சொன்னேன். தரையில விரிச்சு எவ்வளவு அகலம் வேணும்னாலும் தைக்கத் தெரியும் எனக்கு. சினிமாக் கொட்டகைக்கே திரை தைச்சவ நான். தெரிஞ்சுதான் ஒரு ஆளுக்குத் தைச்சேன். அவன் உயரத்துக்கு, அவன் அகலத்துக்கு. அவன் குரல் உனக்கு நாள் முழுக்க, எனக்கு ஞாயித்துக்கிழமை பத்து நிமிஷம். அவன் சிரிப்பு, அவன் கோவம், அவன் குறட்டை எல்லாம் உனக்கு. அதுல ஒரு போர்வை அகலம் நான் எடுத்துக்கிட்டா குறைஞ்சா போயிடுவ?

அதை அப்படியே மடிச்சு எனக்கு அனுப்பி வை. உன் நீலத்துணியைப் பிரிச்சு உனக்குத் திருப்பி அனுப்புறேன்.

வாலுவுக்கு என் முத்தம். அதுக்கும் நீ கணக்குப் பாக்காதே.

அக்கா


டிசம்பர் 29

அக்காவுக்கு,

தபாலில் அனுப்ப வேண்டியதில்லை. நேரிலேயே வருகிறது. உங்கள் தம்பி இன்று காலை பஸ் ஏறிவிட்டார். போர்வையைச் சுருட்டி, கயிறு கட்டி, குழந்தையைத் தூக்குவது மாதிரி தோளில் போட்டுக்கொண்டு போனார். இந்தக் கடிதத்துக்கு முன்பே வந்து சேர்ந்திருப்பார்.

உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டினேன். உங்களைக் காட்டிக்கொடுக்க இல்லை. அந்தச் சைக்கிள் கடை ரூமைப் பற்றி அவர் எனக்குச் சொன்னதே இல்லை. சிறு வயதில் மாடியில் குடியிருந்தோம் என்பார், அவ்வளவுதான். நீங்கள் வெட்டுத்துணியைப் போர்த்திக்கொண்டு கிடந்தது அவருக்கே தெரியாது. படித்துவிட்டு முகம் கழுவப் போனார். வெகு நேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"அக்காகிட்ட போயிட்டு வரேன்" என்றார்.

"எத்தனை நாள்?" என்றேன்.

"தெரியல."

எட்டு வருடத்தில் எங்கே போனாலும் திரும்பும் நாளைச் சொல்லிவிட்டுத்தான் போவார். வாலு, "அப்பா ஏன் போர்வையோட போறாரு, இனிமே அங்கதான் தூங்குவாரா?" என்று கேட்டாள். சும்மா இருடி என்று அதட்டிவிட்டேன். பிறகு அவளைவிட நான்தான் அதிகம் அழுதேன்.

உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வைத்துக்கொள்ளுங்கள். இருமல் மருந்து பையின் வெளி ஜேபியில் இருக்கிறது. சாப்பாட்டுக்குப் பிறகு.

தம்பி மனைவி


ஜனவரி 6

ஏ கண்ணாடிக்காரி,

உன் புருஷனை நேத்து பஸ் ஏத்தி விட்டுட்டேன். இந்நேரம் வந்திருப்பான். அழுகையை நிறுத்து.

என்ன நடந்துச்சுன்னு அவன் ஒழுங்கா சொல்ல மாட்டான், நான் சொல்றேன்.

அவன் வந்து நின்னப்போ எனக்குத் தலைகால் புரியல. பொய் சொல்லல, உன் நினைப்பே வரல. ஜெயிச்சுட்டேன்னு இருந்துச்சு. அவனுக்குப் பிடிச்சதா ஆக்கிப் போட்டேன். ஒரு வாய் வச்சுட்டு, "அக்கா, அவ இதுல கொஞ்சம் மிளகு போடுவா"ன்னான். டீ குடுத்தேன். "அவ இவ்வளவு சக்கரை போட விட மாட்டா"ன்னான். ஜன்னலைத் திறந்தா, "அவளுக்கு இந்தக் காத்து ஆகாது"ன்னான். அவ இல்லாத வீட்டுல எதுக்குடா ஜன்னலைச் சாத்துறன்னு கேட்டேன். சிரிக்கிறான். ஒரு வாரம் அவனைத் தனியா வச்சிருந்தேன்னு பேரு. நீயும் கூடவே வந்து உக்காந்திருந்த. போகவே மாட்டேன்னுட்ட.

அப்புறம் போர்வையை விரிச்சேன். உன் தையலைப் பாத்தேன். அதைத் தையல்னு சொன்னா என் மெஷின் கோவிச்சுக்கும். தையல் பிரிக்கிற கத்தியை எடுத்து முதல் கண்ணியில வச்சேன். அவன் என் கையைப் பிடிச்சான்.

"பிரிக்காதேக்கா."

"ஏன்டா? நீலத்துக்கும் இதுக்கும் என்னடா சம்பந்தம்? துருத்திக்கிட்டு நிக்குது."

"அவ ரெண்டு நாள் லீவு போட்டு உக்காந்து தைச்சது."

"அன்னைக்குச் சாப்பிடாம மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தியாமே?"

"ஆமா, கோவம் வந்துச்சு. அதுக்காகப் பிரிக்கச் சொன்னேனா? அவளும் உள்ள படுக்கிற மாதிரி நேராக்கிக் குடு. அதுக்குத்தான் வந்தேன்."

அதுக்குத்தான் வந்தானாம். என்னைப் பாக்க இல்ல. நீ கோணலா தைச்சதை நேராக்க. எனக்கு வந்த கோவத்துல கத்தியைத் தூக்கி மேஜை மேல எறிஞ்சேன். "எவ கோணலா தைச்சாளோ அவளே நேராக்கட்டும், எடுத்துக்கிட்டு போடா"ன்னுட்டேன். அவனும் ரோஷக்காரன், சுருட்டிக் கட்டிட்டான். பஸ் ஸ்டாப்புல ரெண்டு பேரும் ஒரு வார்த்தை பேசல. வளர்த்த நாள்லேருந்து நானும் அவனும் பேசாம பிரிஞ்சது இதுதான் முதல் தடவை.

சந்தோஷமா உனக்கு?

இருமல் நின்னு போச்சு. மருந்து நல்ல மருந்துதான்.

அக்கா


ஜனவரி 13

அக்கா,

சந்தோஷமா என்று கேட்டீர்கள். உண்மையைச் சொன்னால், "பிரிக்காதேக்கா" என்று எழுதியிருந்த இடத்தை நாலு தடவை படித்தேன். அந்த அளவுக்குச் சந்தோஷம். அதற்குக் கீழே பஸ் ஸ்டாப் வந்தபோது போய்விட்டது.

அவர் வந்து ஒரு வாரமாகிறது. ஞாயிற்றுக்கிழமை போனைக் கையில் எடுத்துவிட்டு வைத்துவிட்டார். "அக்காவே கூப்பிடட்டும்" என்கிறார். நீங்களும் கூப்பிடவில்லை. ஒரு வருடமாக அந்தப் பத்து நிமிடத்தை நான் சபித்துக்கொண்டிருந்தேன். இப்போது அது நடக்காத வீட்டில் இருப்பது சகிக்கவில்லை. இரண்டு பேரும் கூடத்தில் உட்கார்ந்து போனைப் பார்க்காத மாதிரி இருந்தோம்.

நாற்காலிக் கதைக்குப் பதில் சொல்கிறேன். கந்தல் என்று நான் நினைக்கவே இல்லை. அன்று சாப்பிட்டு முடித்ததும் நீங்களும் அவரும் அந்தப் போர்வையை மடியில் விரித்து வைத்துப் பேச ஆரம்பித்தீர்கள். இது எந்தச் சட்டை, அது எந்த வருடம், அந்தக் கிழிசல் எப்படி வந்தது என்று ஒவ்வொரு துண்டாக. ஒரு துண்டைத் தொட்டதும் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தீர்கள், காரணம்கூடச் சொல்லவில்லை. நான் நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் சிரித்தேன். இடைவேளைக்குப் பிறகு கொட்டகைக்குள் நுழைந்தவள் மாதிரி இருந்தது. புதுப்பெண், எழுந்து போகவும் முடியாது. பிறகு அதையே என்னிடம் கொடுத்துப் போர்த்திக்கொள்ளச் சொன்னீர்கள். என்னால் முடியவில்லை. அதில் எனக்கு இடமே இல்லை என்று தோன்றியது. குளிரில் நடுங்கிக்கொண்டு கிடந்தேன். வீம்புதான். ஆனால் அருவருப்பு இல்லை.

இப்போது போர்வை விஷயம். நேராக்கப் பார்த்தேன். அவரும் ஊசியோடு உட்கார்ந்து பார்த்தார், விரலில் குத்திக்கொண்டதுதான் மிச்சம். ஒவ்வொரு முறை ஊசி இறங்கும்போதும் உள்ளே இருக்கும் கம்பளி கொஞ்சம் பிய்கிறது. ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்கு நூலாகிவிட்டது. இன்னும் நான் கை வைத்தால் அது இருக்காது. பொறாமைப்பட்டு வெட்டினேன், ஆனால் அது இல்லாமல் போகட்டும் என்று நினைத்து வெட்டவில்லை. நீங்கள் வரவேண்டும். அவருக்காக இல்லை. நான் கூப்பிடுகிறேன்.

உங்கள் மேஜையில் துணியை இழுத்துப் பிடிக்க ஆள் இல்லை என்றீர்கள். இங்கே நான் பிடிக்கிறேன்.

நான்


ஜனவரி 20

கண்ணாடிக்காரிக்கு,

வர்றேன். மாசக் கடைசி வெள்ளிக்கிழமை பஸ். மெஷினைத் தூக்க முடியாது, ஊசி நூல் போதும். கம்பளியை அப்படியே ஒரு பழைய விரிப்புல சுத்தி வை, வெயில்ல போடாதே, வாலுகிட்ட குடுக்காதே.

அன்னைக்கு நாங்க சிரிச்ச துண்டு எதுன்னு இப்போ எனக்கே ஞாபகம் இல்ல. உனக்கு மட்டும் எட்டு வருஷமா ஞாபகம் இருக்கு. நான் கவனிக்காம விட்டுட்டேன்.

உனக்கு ஏன் தைக்கலைங்கிறதையும் சொல்லிடறேன், நேர்ல சொல்ல வாய் வராது. ஏப்ரல்ல ஆரம்பிச்சேன். துணிப் பெட்டியைக் கொட்டித் தேடினேன். குடும்பத்துல எல்லார் துணியும் இருக்கு, உன்னோடது ஒண்ணுகூட இல்ல. ஒரு கைக்குட்டை இல்ல. ஆளோட துணி இல்லாம அந்த ஆளுக்குப் போர்வை தைக்க எனக்கு வராது, கடைத்துணியில தைச்சா அது உன் தங்கப்பூ மாதிரிதான் இருக்கும். உன்கிட்ட கேக்கணும். கேட்டா நீ எங்க வீட்டு ஆளுன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்னு விட்டேன். ஜூன்ல மறுபடி நினைச்சேன். மறுபடி விட்டேன். உங்கம்மா கேட்டதும் எனக்கு நிம்மதியாப் போச்சு, ஏதோ உன் பக்கம் ஒண்ணு செஞ்ச மாதிரி கணக்குக் காட்டிக்கலாம்னு.

அவன்கிட்ட நான் வர்றதைச் சொல்லாதே. மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பாக்கணும்.

அக்கா


பிப்ரவரி 9

கண்ணாடிக்காரி,

நல்லபடியா வந்து சேர்ந்தேன். பஸ்ல பக்கத்து சீட்டு ஆளு தோள்ல சாஞ்சு தூங்கிட்டான், எழுப்ப மனசு வராம மரக்கட்டை மாதிரி உக்காந்து வந்தேன்.

போர்வை எப்படி இருக்கு? நீ ஒரு முனையிலேருந்தும் நான் ஒரு முனையிலேருந்தும் தைச்சுக்கிட்டு வந்து நடுவுல ஒரு விரல் அகலம் இடிச்சுதே, அது உன் பக்கத்துத் தப்புதான். வாலு அளந்து பாத்து என் பக்கம்னு சொன்னது லஞ்சம் வாங்கிட்டு. நீ மிட்டாய் குடுத்ததை நான் பாத்தேன்.

உன் துணிப் பையைப் பிரிச்சேன். மஞ்சள் சட்டை நல்லா வெளுத்திருக்கு, அதுதான் நடுவுல வரணும். புதுத்துணி ஒண்ணு வச்சிருக்க, திருப்பி அனுப்புறேன், உடுத்திப் பழசாக்கி அப்புறம் குடு. அவசரப்படுத்தாதே. இந்த வருஷம் உனக்கு மட்டும்தான் தைக்கிறேன், வேற யாருக்கும் இல்ல. உங்கம்மா அடுத்தது கேட்டாலும் இல்ல.

ஒண்ணு சொல்லணும். நான் கிளம்புறதுக்கு முந்தின நாள் மத்தியானம் அவன் சோபாவுல தூங்கிட்டான். நீ போற போக்குல குனிஞ்சு அவன் மூக்குக்கண்ணாடியைக் கழட்டின. ரெண்டு காதுப் பக்கமும் ஒரே நேரத்துல தூக்கி, அவன் அசையக்கூட இல்ல. கழட்டித் துடைச்சு வச்சுட்டு நீ பாட்டுக்கு அடுப்பைப் பாக்கப் போயிட்ட. எனக்குச் சுருக்குன்னு குத்துச்சு. நான் வளர்த்தப்போ அவனுக்குக் கண்ணாடி கிடையாது. அந்த வேலை எனக்குத் தெரியவே தெரியாது. வயசு ஐம்பத்தெட்டு ஆகுது, இன்னும் இப்படி இருக்கேன். என்ன பண்றது.

அந்தப் பட்டன் கடைக்காரர் விஷயத்தை உன்கிட்டதான் முதல்ல வாயைத் திறந்து சொன்னேன். எதிரெதிரா உக்காந்து தைச்சா எல்லாமே வாயில வந்துடுது. நல்ல மனுஷன் அவர். கட்டிக்கிறியான்னு கேட்டாரு, நான் சரின்னு சொல்றதாத்தான் இருந்தேன். தம்பிக்கு அப்போ பத்து வயசு. "அவர் வந்தா நான் எங்கக்கா படுப்பேன்?"னு கேட்டான். அந்த ஒரு கேள்விக்கு நான் அவரை வர வேண்டாம்னுட்டேன். வருத்தம் இல்லைன்னு சொல்ல மாட்டேன், ஆனா அவன் மேல வருத்தம் இல்ல. அவன் கேட்டதையே மறந்துட்டான். மறந்தபடியே இருக்கட்டும், தெரிஞ்சா தாங்க மாட்டான்.

பஸ்ல வர்றப்போ யோசிச்சேன். போன வருஷம் பூரா நான் உன் வீட்டைப் பாத்து அதே கேள்வியைத்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன். நான் பெரியவ, வாய் விட்டுக் கேக்க முடியல. தைச்சுத் தைச்சு அனுப்பினேன்.

வாலுவை விரல் சூப்ப விடாதே.

அக்கா


பிப்ரவரி 16

அக்கா,

இடித்தது உங்கள் பக்கம்தான். கண்ணாடிக் கடைக்காரியிடம் அளவைப் பற்றிப் பேச வேண்டாம்.

போர்வை நன்றாக இருக்கிறது. நீலப் பக்கம் எனக்கு, பழைய பக்கம் அவருக்கு என்றுதான் ஆரம்பித்தோம். நடுவில் வாலு வந்து விழுந்துவிடுகிறாள். மீன் போர்வையைத் தரையில் போட்டு, "அத்தைதான் இங்கயும் இருக்காங்களே" என்கிறாள். அவள் அப்படிச் சொன்னபோது சுருக்கென்றுதான் இருந்தது. உங்களுக்கு மட்டும்தான் குத்தும் என்று நினைக்காதீர்கள். "அம்மாவும்தான்டி இருக்கேன், அந்த நீலம் யாருதுன்னு பாரு" என்று காட்டினேன். போனால் போகிறது என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்தாள்.

அடுத்த முறை வரும்போது மூக்குக்கண்ணாடியை நீங்கள் கழட்டுங்கள். சொல்லித் தருகிறேன். காதோரம் இரண்டு விரல் வைத்து மேலே தூக்க வேண்டும், முன்னால் இழுக்கக் கூடாது. ஒரே ஒரு முறை மட்டும். பிறகு அது என் வேலை.

இப்போது முக்கியமான செய்தி. உங்கள் தம்பிக்கு உடம்பு சரியில்லை. காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. நீங்கள் கிளம்பியதிலிருந்து ஒரு மாதிரி சுற்றி வருகிறார். முதல் நாள், "அக்கா நாலு நாள் இருந்தா, என்கிட்ட நாலு வார்த்தை பேசல" என்றார். உங்கள் கடிதம் வந்த அன்று அலமாரியைத் திறந்து, "உன் மஞ்சள் சட்டை எங்க?" என்றார்.

"அக்காவுக்குக் குடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"எனக்குப் போர்வை தைக்கிறாங்க. இந்த வருஷம் எனக்கு மட்டும்தானாம்."

முகம் சுருங்கிவிட்டது. "எனக்கு அவ இத்துப்போன கம்பளியை வச்சுத் தைச்சா. உனக்கு ஒரு வருஷமா?" என்றார். டீயை அப்படியே ஆற விட்டுவிட்டார்.

நேற்று உங்களோடு போன் பேசி முடித்ததும் என்னிடம் வந்து உட்கார்ந்தார். போனில் நீங்கள் முதலில் என்னைத்தான் கேட்டீர்களாம். "உண்மையைச் சொல்லு, ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்து அப்படி என்னதான் பேசினீங்க? நான் உள்ள வந்தா நிறுத்தினீங்க. ரெண்டு தடவை அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டா, பாத்தேன். எனக்குத் தெரியாம அவளுக்கு என்ன இருக்கு?" என்றார்.

"தையல் விஷயம்" என்றேன்.

"என் அக்கா அவ."

"ஆமாம், யார் இல்லைன்னா?"

எழுந்து போய் ஜன்னலோரம் நின்றுகொண்டார். பாவமாகத்தான் இருந்தது. போய்ச் சமாதானம் சொல்லலாமா என்று அரை மனது வந்தது.

சொல்லவில்லை. பட்டன் கடைக்காரர் என்னிடம் பத்திரமாக இருக்கிறார். உங்கள் தம்பி இன்னும் கொஞ்ச நாள் இப்படியே பொருமிக்கொண்டு இருக்கட்டும் அக்கா. நாம் இரண்டு பேரும் ஒரு வருடம் இப்படித்தான் இருந்தோம், செத்தா போய்விட்டோம்?

உங்கள்,
கண்ணாடிக்காரி